எண்ணூறு கிராம் கறுப்புக் கண்ணாடி

தருவைமேட்டு உப்பளத்தில் செல்போன்கள் கனக்கத் தொடங்கிய வருஷம் பங்குனியிலேயே சித்திரை வெயில் அடித்தது என்றும், அதனால்தான் அப்படி நடந்தது என்றும் பின்னாளில் சிலர் சொன்னார்கள். கடலுக்குள் புதிதாக நட்ட செல்போன் கோபுரத்தின் வேலை அது என்று வேறு சிலர் சொன்னார்கள். அம்மன் கோயில் கொடை விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்ததன் பலன் என்று சொன்னவர்களும் உண்டு. தோழர் கோயில்பிள்ளை எதையும் ஒப்புக்கொண்டதில்லை. சாமி இல்லை என்று நாற்பத்திரண்டு வருஷமாக மேடை போட்டுச் சொன்ன மனிதருக்கு அப்பன் வைத்த பெயர் அது, அதை மாற்றிக்கொள்ள அவருடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், துண்டறிக்கையில் எழுத்துக் கூட்டி, துண்டறிக்கையில் உலகத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு துண்டறிக்கையைத் தானே எழுதி, அதற்காக மூன்று முறை சிறைக்குப் போய், உப்புத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகவே அறுபத்தெட்டு வயதை எட்டியவர். போன் கனப்பதற்குக் காரணம் கேட்டவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இத்தனை வருஷம் கனக்காம இருந்துச்சே, அதுக்குக் காரணம் கேட்டியளா?"

போன்களைக் கனக்கவைத்த அந்தச் செயலியைச் செய்தவள் ஜெபக்கனி. அளத்தில் உப்புச் சுமந்த ஒருத்தியின் மகள். சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்து, வேண்டாத பொருளை வேண்டும் வேண்டும் என்று ஆட்களை நினைக்கவைக்கும் செயலிகளைச் செய்து செய்து, ஒருநாள் தனக்கே என்ன வேண்டும் என்று தெரியாமல் போனதால் வேலையை ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு முப்பத்துமூன்று வயதில் ஊருக்குத் திரும்பியவள். வந்தவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மூன்று மாசம் பெண்களோடு விடியற்காலையில் அளத்துக்குப் போனாள், பாத்தியில் இறங்கிப் பலகை பிடித்து உப்பு வாரினாள், கஞ்சி குடிக்கிற நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "உங்களுக்கு என்ன வேணும்?"

"ஏளா, எனக்கு வேற மாப்பிள்ளை வேணும். இருக்கதை நீ எடுத்துக்கிடுதியா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அடுத்தடுத்த வாரங்களில் மெல்ல மெல்ல உண்மையான பதில்கள் வந்தன, வந்ததையெல்லாம் ஜெபக்கனி கேட்டுக்கொண்டாள், எழுதப்படிக்கத் தெரியாதவளும் தொடக்கூடியதாக ஒரு செயலியைச் செய்தாள். திறந்தால் வெள்ளையாக ஒரு வட்டம். அதைத் தொட்டுக்கொண்டு தேவையைச் சொன்னால் அந்தக் குரல் செயலி வைத்திருக்கிற எல்லாப் போனுக்கும் போகும். அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, பெயரைக் கூடக் கேட்காது. கனம் என்பதை அவள் செய்யவில்லை. அது தானாக வந்தது.

முதலில் பேசிய பெண் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். "லாரி பத்து மணிக்கு வருது. ஏழு மணிக்கே நாக்கு ஒட்டிக்கிடுது" என்றாள். பேசி முடித்து வட்டத்திலிருந்து விரலை எடுத்ததும் தருவைமேட்டில் முந்நூற்றுச் சொச்சம் போன்கள் ஆளுக்கொரு தேங்காயின் கனம் ஏறின. தொழிலாளிகள் என்ன பேசுகிறார்கள் என்று வேவு பார்க்கச் செயலியை ஏற்றி வைத்திருந்த கணக்கப்பிள்ளைக்குச் சட்டைப்பை கிழிந்து போன் பாத்திக்குள் விழுந்தது. தண்ணி லாரி டிரைவர் ராத்திரியெல்லாம் போனைத் தரையில் வைத்துத் தூங்கி, மறுநாள் ஆறரை மணிக்கே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் குடம் நிறைந்து முதல் பெண் அண்ணாந்து குடித்து இறக்கியதும் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் பழையபடி இலேசாக, அளம் முழுக்க ஒரு பெருமூச்சு காற்றைப் போல ஓடியது.

தலையில் இருபத்தைந்து கிலோ உப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு நாளைக்கு நூற்றைம்பது நடை நடக்கிற பெண்களுக்குக் கனம் ஒரு அதிசயமா? ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். சட்டைப்பை தாங்காது என்பதால் ஊர்த் தையல்காரர் தார்ப்பாயில் பை தைத்துக் கொடுத்தார், பெண்கள் அதை வெற்றிலைப் பை போல இடுப்பில் செருகிக்கொண்டார்கள். எந்தக் கனத்துக்கு என்ன தேவை என்று கையில் எடுத்ததுமே சொல்லக் கற்றுக்கொண்டார்கள். எலுமிச்சை கனம், மாங்காய் கனம், பூசணிக்காய் கனம் என்று அளவுகள் உண்டாயின. மறைவாக ஒதுங்க இடம் வேண்டும் என்று ஒருத்தி கேட்டபோது பூசணிக்காய் கனம் ஏறி, இரண்டே நாளில் நான்கு ஓலைத் தட்டிகள் நின்றன. சைக்கிளில் வரும் தபால்காரர் ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தார் என்றால் யாருக்கோ ஏதோ குறை என்று பொருள். பெண் பார்க்க வந்த இடத்தில், "பையன் போனு கனக்குமா?" என்று கேட்டு, கனக்காது என்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருவன் வட்டத்தைத் தொட்டுக் குவார்ட்டர் பாட்டில் வேண்டும் என்று சொல்ல, எலுமிச்சை கனம் ஏறத்தான் செய்தது. அதுவும் ஒரு தேவைதானா என்று ஊர் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பெண்டாட்டி தொட்டு, "அவரு ஒருநா குடிக்காம தூங்கணும்" என்று சொல்லிவிட, எல்லோர் கையிலும் பலாப்பழம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவனுக்கு ஊற்றிக்கொடுக்க யாருக்கும் கை எழவில்லை.

செயலியை அழித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் அழித்தார்கள். அவர்களுடைய பங்கு பக்கத்து வீட்டுப் போனில் ஏறியதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு சென்னையிலிருந்து ஒரு காரில் மூன்று பேர் வந்தார்கள். வெயிலில் நிற்காத முகங்கள். செயலியை வாங்கிக்கொள்கிறோம், ஜெபக்கனிக்கு அதில் பங்கும் உண்டு, சின்னதாக ஒரே ஒரு மாற்றம், ஒரு சோப்பை வாங்குகிற வரைக்கும் போன் கனத்துக்கொண்டே இருக்கும்படி செய்ய முடிந்தால் உலகமே நம் கையில் என்றார்கள். ஜெபக்கனி போய்க் கோயில்பிள்ளையைக் கூட்டி வந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சங்க ஆபீஸ் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினார். மனிதனின் தாகத்தை அறிந்து தண்ணீர் கொடுப்பவன் ஒருவன், தாகத்தை உண்டாக்கித் தண்ணீர் விற்பவன் இன்னொருவன், நீங்கள் இரண்டாவது ஆள், காரைத் திருப்புங்கள் என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய பேச்சுகளிலேயே சிறந்த பேச்சு அதுதான். கார் திரும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். இலாபம் வந்து வாசலில் நின்று தோற்றுத் திரும்பிய நாள் என்று அவரே ஒரு துண்டறிக்கை எழுதி அச்சடித்தார், அது பல வீட்டுச் சுவரில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் பேச்சித்தாய் வட்டத்தைத் தொட்டாள்.

பேச்சித்தாய்க்கு ஐம்பத்தாறு வயது. முன்னொரு காலத்தில் பதினாறு நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது, வெளியாட்களை வைத்து உப்பேற்றிய லாரியின் முன்னால் மல்லாந்து படுத்தவள். போலீஸ் இழுத்ததில் கழுத்தெலும்பு முறிந்து கோணலாகக் கூடியதால் அன்றிலிருந்து உப்புப் பெட்டி அவள் தலையில் ஒருபக்கமாகவே சாய்ந்து உட்காரும். சங்கம் கூப்பிட்ட எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை, எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அவளைத் தன் சங்கத்தின் முதுகெலும்பு என்று கோயில்பிள்ளை மேடைகளில் சொல்வார்.

அவள் கேட்டது இதுதான். "கண்ணு கூசுது. உப்பு வெள்ளை ஊசி மாரி உள்ள போகுது. மவன் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தான். போட்டுக்கிட்டு எறங்குனேன். சினிமா ஷூட்டிங்கா நடக்குன்னு கணக்கப்பிள்ளை கழட்டச் சொல்லிட்டாரு. கழட்டச் சொல்லாதீய. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது எண்ணூறு கிராம் இருந்தது. உப்பு நிறுக்கிற தராசில் வைத்தே பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை தன் போனை மேசைமேல் வைத்துவிட்டு, முதலாளி சொன்னால் அனுமதிக்கிறேன் என்றார். முதலாளிகளோ கேட்டுச் சிரித்தார்கள், ஆனால் சிரித்தவர்களின் வீட்டிலும் பெண்களும் பிள்ளைகளும் செயலியை வைத்திருந்ததால் அவர்கள் சாப்பாட்டு மேசைகளும் எண்ணூறு எண்ணூறு கிராமாகக் கனத்துக்கொண்டிருந்தன. இரண்டாவது வாரத்தில் முதலாளிகள் சங்கம் தானாகவே பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுத்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

கோயில்பிள்ளைக்கு உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. பன்னிரண்டு கோரிக்கைகளை அவர் நல்ல தமிழில் எழுதினார். ஊதிய உயர்வு, மழைக்கால நிவாரணம், வேலை நேர வரையறை, விபத்து இழப்பீடு என்று ஒவ்வொன்றும் தலைமுறைக்கு நிற்கக்கூடியது. அந்தத் தாளோடு முதலாளிகள் சங்கக் கட்டடத்துக்குப் போய், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, முதல் கோரிக்கையை வாசிக்கத் தொடங்கும்போதே எதிரில் இருந்த செயலாளர் கையைத் தூக்கினார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். இந்தக் கூலிங் கிளாஸ் உங்க தாள்ல எத்தனாவது நம்பர்? அதை முடிச்சிட்டா வீட்டுப் பொம்பளையளுக்குப் போன் கனக்காது. அடுத்ததா நகப்பூச்சு கேப்பியளோ?"

அறை சிரித்தது. டீ கொண்டுவந்தவர் கூட டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். லத்திக்கு அஞ்சாத, பட்டினிக்கு அஞ்சாத, சிறைக்கு அஞ்சாத மனிதர் அந்தச் சிரிப்புக்கு முன்னால் காது சிவந்து உட்கார்ந்திருந்தார். முடித்துவிடலாம் என்று எதிராளியே சொன்னது, ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்பது, அவர் காதில் விழவே இல்லை. சிரிப்பு மட்டும்தான் விழுந்தது. அடுத்த வாரம் வருகிறோம் என்று எழுந்தார்.

நேராகப் பேச்சித்தாய் வீட்டுக்குப் போனார். உச்சி வெயில். அவள் முற்றத்தில் குத்தவைத்துச் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், கண் ஓரத்தில் நீர் வடிய வடியப் புறங்கையால் துடைத்துக்கொண்டு.

"வாங்க அண்ணாச்சி. மீன் நாத்தமா இருக்கு, தள்ளி உக்காருங்க."

"பேச்சி, உன் கோரிக்கையைப் பத்திப் பேச வந்தேன்."

"கோரிக்கையெல்லாம் இல்ல அண்ணாச்சி. கண்ணு எரியுது, அதான் சொன்னேன்."

"எல்லாருக்கும்தான் எரியுது. நம்ம எல்லாருக்குமா சேத்துப் பெருசா ஒண்ணு கேக்கப்போறோம். அந்த நேரத்துல இது நடுவுல நின்னா நம்மளைக் கோமாளியாக்கிருவான். இன்னைக்கே ஆக்கிட்டான்."

அவள் மீனைக் கவிழ்த்து வைத்தாள். "சிரிச்சானுவளா?"

"சிரிச்சான்."

"என்னையவா, உங்களையவா?"

சிறு கோரிக்கை பெரிய கோரிக்கைக்கு வழிவிட வேண்டும் என்பதை, பல துண்டறிக்கைகளில் எழுதியதை, மறுபடியும் சொன்னார். ஒப்பந்தம் ஆன மறுநாளே கண்ணாடியை நானே பேசி முடிக்கிறேன் என்றார். பேச்சித்தாய் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். சங்கம்னா சங்கம்தான்" என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து வட்டத்தைத் தேடித் தொட்டாள். "நான் கேட்டது வேண்டாம். வாபஸ்."

ஒரு தேவை நிறைவேறாமலே இலேசானது அதுதான் முதல் தடவை. ஊருக்கு அது தெரியாது. பாதிப் பேர் அந்தக் குரலையே கேட்கவில்லை. கையிலிருந்த எண்ணூறு கிராம் இறங்கியதும், "பேச்சியைக் கண்ணாடி போட விட்டுட்டானுவ போல" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே கோயில்பிள்ளை ஜெபக்கனியிடம் போய், இனிமேல் யார் பேசினாலும் அது முதலில் சங்கக் குழுவுக்கு வர வேண்டும், குழு பார்த்து, திருத்தி, ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியே போக வேண்டும், அப்படி மாற்று என்றார்.

"திருத்துனா அது அவுக பேச்சா இருக்காதே அண்ணாச்சி."

"நாப்பத்திரண்டு வருஷமா அவுக பேச்சைத்தான் நான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"என்னைக்காவது கேட்டு எழுதுனீயளா?"

அந்தக் கேள்வியை அவர் அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். காரைத் திருப்பி அனுப்பியவன் நான் என்று நினைவூட்டினார். அது உண்மை. அந்த உண்மைக்குக் கட்டுப்பட்டு மூன்று நாளில் மாற்றிக் கொடுத்தாள்.

குழு ஒப்புதல் அளித்த முதல் பேச்சு அந்தப் பன்னிரண்டு அம்சக் கோரிக்கை. கோயில்பிள்ளையே வட்டத்தைத் தொட்டு, மேடைக் குரலில், ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். கற்பாறையாகக் கனக்கும் என்று எதிர்பார்த்து, கீழே விழுந்துவிடாமல் இருக்கப் போனைத் தலையணைமேல் வைத்திருந்தார். வாசித்து முடித்து எடுத்துப் பார்த்தார். வேப்பிலை கனம்கூட இல்லை. அளத்தில் பெண்கள் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேட்டரி போயிருக்கும்" என்றாள் ஒருத்தி.

ஆனாலும் முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். பழைய கனத்தின் பயம் அவர்கள் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. தவிர, பாதியை நிறைவேற்றாமலே காலம் கடத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், ஒப்பந்தம் என்பது காகிதம்தானே. தருவைமேட்டில் மேளம் அடித்து ஊர்வலம் போயிற்று. கோயில்பிள்ளையின் கழுத்தில் விழுந்த மாலைகளை எடுத்து எடுத்துப் பிள்ளைகள் ஆட்டுக்குப் போட்டார்கள். ஊர்வலத்தில் பேச்சித்தாய் கொடி பிடித்து நடந்தாள், முன்னால் போனவளின் முந்தானையை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு. அதை அவர் ஒற்றுமை என்று நினைத்தார்.

மறுநாள் கண்ணாடியைப் பேசி முடிப்பதாக இருந்தது. மறுநாள் பாராட்டுக் கூட்டம். அதற்கடுத்த நாள் மாவட்டக் குழு. பிறகு ஒப்பந்தத்தின் மூன்றாவது அம்சத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்கு, பிறகு ஏழாவதற்கு. பேச்சித்தாய் நினைவூட்டவில்லை, வாபஸ் என்று சொன்னால் அவளுக்கு வாபஸ்தான். இரண்டு உப்புக் காலம் வெறுங்கண்ணோடு அந்த வெள்ளைக்குள் இறங்கி ஏறினாள்.

போன்கள் அதற்குப் பிறகு கனக்கவே இல்லை. ஜெபக்கனி குழுவின் ஒப்புதலை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கிப் பார்த்தாள். பெண்கள் பேசினார்கள். ஆனால் இப்போது ஒருத்தி வட்டத்தைத் தொட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி தண்ணீர் லாரி சம்பந்தமாக நாங்கள் கேட்டுக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினாள். புருஷன் அடித்ததைச் சொல்ல வந்தவள், "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று முடித்தாள். அப்படிப் பேசினால்தான் செல்லும் என்று அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல தமிழ். எல்லாம் அவருடைய தமிழ். தண்ணி லாரி பழையபடி பத்து மணிக்கு வந்தது.

"கம்பெனிக்காரன் வந்தப்ப நீங்க வாசல்ல நின்னு மறிச்சீய" என்றாள் ஜெபக்கனி ஒருநாள், கோபம் எதுவும் இல்லாமல். "நீங்க வந்தப்ப மறிக்க எனக்குத் தெரியல அண்ணாச்சி." அந்த மாசமே அவள் செயலியை நிறுத்திவிட்டு, பக்கத்து டவுனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள்.

பேச்சித்தாயைக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் கோயில்பிள்ளைதான். அவள் பாத்தி வரப்பு தெரியாமல் விழுந்து முட்டி பெயர்ந்த பிறகு. டாக்டர் சின்ன வயசுப் பெண், விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்த வெள்ளையில் இத்தனை வருஷமா கண்ணாடி போடாமலா வேலை செய்தார்கள் என்று கேட்டாள். இரண்டு வருஷம் முன்னால் போட்டிருந்தால்கூட மிச்சப்படுத்தியிருக்கலாம் என்றாள். "இனி ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று அவர் கேட்டார். பேச்சித்தாய் அவர் குரல் வந்த திசையில் திரும்பி, "அண்ணாச்சி, வெயில் ஏறுமுன்ன பஸ் பிடிச்சிருவோம்" என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் அவள் வீட்டுக்குப் போனார். போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒருநாள் அவளே, "அந்த ஒப்பந்தத்தை ஒருவாட்டிப் படிங்க. ஊர்வலம் போனேனே ஒழிய அதுல என்ன இருக்குன்னு கேட்டதே இல்ல" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மடிப்பில் கிழிந்திருந்த தாளை விரித்து, ஒவ்வொரு அம்சமாகப் படித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் கணுவைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது முடிந்தது. அவர் தாளை மடிக்கவில்லை. தன் வாழ்நாளில் எழுதாத ஒன்றை எழுதியதாகச் சொல்லாத மனிதர், ஒரு பொய்ப் புள்ளிவிவரத்தைக்கூட அச்சில் ஏற்றாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு மேலும் படித்தார்.

"பதின்மூன்று. பாத்தியில் இறங்கிப் பணிபுரியும் தொழிலாளி கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பின், அதனைக் கழற்றச் சொல்லும் உரிமை நிர்வாகத்தார் எவருக்கும் கிடையாது."

பேச்சித்தாய் எண்ணிய விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தாள். வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அது அதுல இல்லல்லா அண்ணாச்சி."

அவர் தாளின் கிழிந்த மடிப்பை விரலால் நீவினார்.

"சரி, இருக்கட்டும். ஆனா அப்படி எழுதாதீய. அணிந்திருப்பின்னு சொன்னா கணக்கப்பிள்ளைக்கு வெளங்காது. 'கழட்டச் சொல்லாதீய'ன்னு போடுங்க. போதும்."

"கழட்டச் சொல்லாதீய" என்றார் அவர்.

"இன்னொரு வாட்டி."

அவர் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அதில் அப்படி எதுவும் இல்லாததால், பார்ப்பதற்கு அவசியமும் இல்லாததால், கண்ணை இறுக மூடிக்கொண்டு படித்தார்.